ரெண்டு வயர் போட்டாச்சு, வேகம் மட்டும் அதே 113

கேள்வி: 11 ஜூலை 2023, இரவு 10:40

அண்ணாச்சி, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் ரூமையும் நெட்வொர்க்கையும் நான்தான் பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியாகணும். ஒரு ஃபைலே 2 ஜிபி, 3 ஜிபி வருது. எல்லா ஃபைலும் இருக்கிற நாஸில் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) ரெண்டு ஜிகாபிட் போர்ட் இருக்கு. 24 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி ரெண்டு வயரையும் ஒரே இணைப்பா சேர்த்து, அதாவது லேக் கட்டிட்டேன். ரெண்டு ஜிகாபிட் வரணும்ல? காப்பி போட்டா நொடிக்கு 113 எம்பிதான். ஒரு வயரைப் பிடுங்கினாலும் அதே 113. சுவிட்ச் வித்தவர்கிட்ட கேட்டா, "எல்லா போர்ட்லயும் ஃப்ளோ கண்ட்ரோலை ஆன் பண்ணுங்க, ஸ்பீடு ஏறும்" என்கிறார். பண்ணிட்டேன். ஏறல. ஏமாந்துட்டேனா?

12 ஜூலை, காலை 6:15

ஏமாறவில்லை தம்பி. அந்த 113 குறைந்த எண் இல்லை, ஒரு ஜிகாபிட் வயரின் முழுக் கொள்ளளவே அதுதான். ஃபைல் துண்டு துண்டாக, ஃப்ரேம் என்ற பொட்டலங்களில் போகும். ஒரு ஃப்ரேமில் 1,500 பைட் போகிறது. அதற்கு மேல் தலைப்பு 14, கடைசியில் சரிபார்ப்பு 4, முன்னால் 8, அடுத்த ஃப்ரேமுக்கு முன் விடும் இடைவெளி 12. ஆக, வயரில் 1,538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. அந்த 1,500-லும் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்தால் உங்கள் ஃபைலுக்குக் கிடைப்பது 1,460. ஆயிரம் மெகாபிட்டில் 949 மிஞ்சும். எட்டால் வகுத்து, விண்டோஸ் எண்ணும் கணக்குக்கு மாற்றினால் 113. சுவிட்ச்காரரைத் திட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். (ஃப்ளோ கண்ட்ரோல் யோசனைக்கு அந்த டீயைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.)

ரெண்டு வயர் கட்டினால் அகலமான ஒரே குழாய் கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடைப்பது பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு குழாய். ஒரு பேச்சுவார்த்தை எந்தக் குழாயில் போக வேண்டும் என்பதை ஹேஷ் முடிவுபண்ணும். அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரிகளை வைத்து ஒரு சின்னக் கணக்கு. விடை பூஜ்யம் என்றால் முதல் வயர், ஒன்று என்றால் ரெண்டாவது. ஃபைல் முடியும்வரை அதே வயர்தான். ஒரு ஃப்ரேம் இங்கே, அடுத்தது அங்கே என்று பிரித்தால் முன்னே போனது பின்னே வந்து சேரும். வந்து சேர்ந்ததைச் சரிபார்க்கும் டிசிபி அதைத் தொலைந்ததாக நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். 2000-இல் வந்த 802.3ஏடி தரத்திலேயே ஒரு பேச்சுவார்த்தையின் வரிசை கலையக் கூடாது என்று இருக்கிறது. 2008-இல் அதை 802.1ஏஎக்ஸ் என்று வேறு வீட்டுக்குக் குடியேற்றினார்கள், விதி மாறவில்லை.

12 ஜூலை, மதியம் 1:05

இவ்வளவு நீளமாகப் பாடம் எடுத்துவிட்டு, கேட்க வேண்டிய முதல் கேள்வியை விட்டுவிட்டேன். டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் ஒரு மேடம் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "அவர் காப்பி போடுற பிசியில எத்தனை வயர்?"

ஒன்று. அதுவும் ஜிகாபிட். நாஸ் பக்கம் எட்டு வயர் கட்டினாலும் அந்த பிசிக்கு 113-க்கு மேல் வராது. ஹேஷ் வரைக்கும் போகவே தேவையில்லை. காலையில் காபி குடிக்காமல் பதில் எழுதினால் இப்படித்தான்.

13 ஜூலை, இரவு 9:30

தம்பி விடவில்லை, நல்ல சோதனை ஒன்று செய்திருக்கிறார். அஞ்சு பிசியில் ஒரே நேரத்தில் நாஸுக்கு சேவ் பண்ணினால் மொத்தமே 113தான். அதே அஞ்சு பிசியில் நாஸிலிருந்து ஃபைலைத் திறந்தால் கூட்டுத்தொகை 200 பக்கம் வருகிறது. "போறப்ப ஒரு வயர், வர்றப்ப ரெண்டு வயரா அண்ணாச்சி?"

ஆமாம், அப்படியே நடக்கும். நாஸுக்குப் போகும் ஃப்ரேமுக்கு வயர் தேர்ந்தெடுப்பது சுவிட்ச். நாஸிலிருந்து வரும் ஃப்ரேமுக்குத் தேர்ந்தெடுப்பது நாஸ். ரெண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை, ரெண்டும் ஒரே கணக்கைப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் இருப்பது லினக்ஸ் பாண்டிங், அதாவது லினக்ஸ் லேக் கட்டுகிற முறை. அதில் எதையும் மாற்றாமல் விட்டால் மேக் முகவரிகளின் (நெட்வொர்க் கார்டிலேயே பதிந்திருக்கும் எண்) கடைசி பைட்டை வைத்துத்தான் முடிவு. தம்பி தன் சுவிட்ச்சில் ஐபியை வைத்துப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஐபி பட்டியலைக் கேட்டேன். கடைசி எண் மட்டும் சொல்கிறேன்: நாஸ் 10. டிசைன் பிசிகள் 20, 22, 24, 26, 28. என்ன இது எல்லாம் இரட்டைப்படை என்றால், முன்னால் இருந்த டெக்னீஷியன் டிசைனுக்கு இரட்டைப்படை, கணக்குப் பிரிவுக்கு ஒற்றைப்படை என்று நேர்த்தியாகப் பிரித்து வைத்தாராம். பல சுவிட்ச்கள் ரெண்டு முகவரியின் கடைசி பிட்களை எக்ஸ்-ஆர் (ரெண்டும் ஒன்றானால் பூஜ்யம், வேறானால் ஒன்று) போட்டுத்தான் பார்க்கின்றன. இரட்டையும் இரட்டையும் சேர்ந்தால் எப்போதும் பூஜ்யம். அஞ்சு பேரும் ஒரே வயரில் தொங்குகிறார்கள், ரெண்டாவது வயர் கணக்குப் பிரிவின் டேலி என்ட்ரிகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அழகாக நம்பர் போட்ட மனுஷனைக் குறை சொல்லவும் முடியாது.

22-ஐ 21 ஆகவும் 26-ஐ 25 ஆகவும் மாற்றிவிட்டு மறுபடி சேவ் பண்ணிப் பாருங்கள்.

14 ஜூலை, காலை 8:00

மாற்றினார். 190. ஒரு பைசா செலவில்லை.

கூடவே ஒரு திருத்தம். நேற்று இரவு தனிச்செய்தியில் அவரிடம், "ஐபியோடு டிசிபி போர்ட் நம்பரையும் ஹேஷில் சேர்த்தால், ஒரே பிசியிலிருந்து நாலு ஃபைலை ஒன்றாக இழுக்கும்போது ரெண்டு வயரிலும் பிரியும்" என்று சொல்லியிருந்தேன். தப்பு. விண்டோஸ் ஷேரில் ஒரு பிசிக்கும் ஒரு நாஸுக்கும் நடுவே சாதாரணமாக ஒரே டிசிபி இணைப்புதான். நாலு ஃபைல் ஆனாலும் நாற்பது ஆனாலும் அதற்குள்ளேதான் போகும். போர்ட் நம்பர் மாறாது, வயரும் மாறாது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப்-3-இல் மைனஸ் பெரிய பி 4 கொடுத்தால் பிரியும், ஏனென்றால் அது நிஜமாகவே நாலு இணைப்பு திறக்கிறது. நான் ஐபெர்ஃபில் பார்த்ததை ஃபைல் காப்பிக்கும் பொருத்திவிட்டேன். ஒரே பிசிக்கு ரெண்டு வயர் வேகம் வேண்டும் என்றால் அது லேக் வேலையே இல்லை. பிசியிலும் ரெண்டு கார்டு போட்டு, 2012-இல் எஸ்எம்பி 3-உடன் (விண்டோஸ் ஷேர் பேசும் மொழி) வந்த, ரெண்டு கார்டிலும் பிரித்து அனுப்பும் மல்டிசேனலை நம்ப வேண்டும்.

இதை ஒட்டி இன்னொன்று. உங்கள் பிசிகள் எல்லாம் ரூட்டருக்கு அந்தப்பக்கம் வேறு நெட்வொர்க்கில் இருந்தால், மேக் வைத்துப் பிரிக்கிற நாஸின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள், அந்த ரூட்டர். நூறு பேர் இருந்தாலும் ஒரே வயர்தான். அப்போது நாஸ் பக்கம் லேயர் 2 பிளஸ் 3-க்கு (மேக்கோடு ஐபியையும் பார்ப்பது) மாற்றியே ஆக வேண்டும்.

15 ஜூலை, மாலை 5:20

"எல்ஏசிபியா, ஸ்டாட்டிக்கா?" என்று வேறொருவர் கேட்கிறார். எல்ஏசிபி. ரெண்டு பக்கமும் பேசிக்கொண்டு லேக் கட்டுவது அது, பேசாமல் கட்டுவது ஸ்டாட்டிக். இதில் எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

ஒரு கல்லூரி வளாகத்தில் ரெண்டு கட்டடத்துக்கு நடுவே ரெண்டு ஃபைபர் ஜோடி, ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைக் காப்பருக்கு மாற்றும் பெட்டி). நான் ஸ்டாட்டிக்காகக் கட்டிவிட்டு வந்தேன். ஒரு மழைக்காலத்தில் ஒரு ஜோடி நடுவில் அறுந்துவிட்டது. சுவிட்ச்சுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் அரையடி காப்பர் நன்றாகத்தான் இருந்தது, அதனால் லைட் பச்சை. சுவிட்ச்சைப் பொறுத்தவரை ரெண்டு வயரும் உயிரோடு. பாதி ஃப்ரேம்களை அது நிம்மதியாக அறுந்த ஃபைபருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த போன்: "சார், பாதிப் பேருக்கு நெட் வருது, பாதிப் பேருக்கு வரல. வர்றவங்களுக்கும் சில சைட்டுதான் வருது." வைரஸ் என்று நினைத்து ஒரு லேப் முழுக்க ஸ்கேன் ஓட்டினேன்.

எல்ஏசிபி இருந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து தகவல் வராதபோது அந்த வயரைத் தானே கழற்றிவிட்டிருக்கும். 30 நொடியில்.

15 ஜூலை, மாலை 6:10

30 இல்லை, 90. மெதுவான அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும், மூன்று முறை வராவிட்டால்தான் கைவிடும். வேகமான அமைப்பில் நொடிக்கு ஒன்று, மூன்று நொடியில் கைவிடும். மேடம் திருத்துவதற்குள் நானே திருத்திவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியது நிஜமாகவே கட்டியிருக்கிறதா என்று பார்க்க: லினக்ஸ் என்றால் ப்ராக், நெட், பாண்டிங் அடைவில் இருக்கும் பாண்ட்0 கோப்பைத் திறங்கள். பார்ட்னர் மேக் என்ற இடத்தில் வரிசையாகப் பூஜ்யமாக இருந்தால் எதிரில் யாரும் பேசவில்லை என்று அர்த்தம். சிஸ்கோ என்றால் ஷோ ஈதர்சேனல் சம்மரி, போர்ட் பக்கத்தில் பெரிய பி இருக்க வேண்டும். சின்ன எஸ் இருந்தால் தள்ளி வைத்திருக்கிறது. முக்கியமாக, ரெண்டு பக்கமும் அமைத்து முடித்த பிறகு ரெண்டாவது வயரை மாட்டுங்கள். அவசரப்பட்டு முதலில் மாட்டி ஆபீஸ் முழுக்க லூப் (ஃப்ரேம் சுற்றிக்கொண்டே இருப்பது) விட்ட பெருமை எனக்கு உண்டு.

15 ஜூலை, மாலை 6:40

மூன்று வயர் கட்டினால் மூன்று சமபங்கா என்ற கேள்விக்கு: பல சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் மாடல்களில் ஹேஷ் எட்டு கூடைகளாகத்தான் பிரிக்கும். மூன்று வயருக்கு 3, 3, 2. ரெண்டு, நாலு, எட்டு என்று போனால்தான் சமம்.

18 ஜூலை, இரவு 10:15

இழை சுவாரசியமாகிறது. தம்பி எழுதுகிறார்: "ஸ்பீடு ஓகே அண்ணாச்சி. ஆனா ஒரு வாரமா சாயந்தரம் 7 மணி ஆனா டிசைன் ரூம்ல மூணு மெஷின் உறைஞ்சு போகுது. மத்த மெஷின் ஓடுது. 7:30க்கு தானா சரியாகுது. லேக்கைக் கழட்டிரலாமா?"

கழற்றாதீர்கள். பாதிப் பேர் என்றதும் எனக்கும் முதலில் கல்லூரி ஃபைபர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அரை மணியில் தானாகச் சரியாவது வயர் கோளாறு இல்லை. ஃப்ளோ கண்ட்ரோல் ஆன் பண்ணி எவ்வளவு நாள் ஆச்சு? ஒரு வாரம். அதுதான்.

ஃப்ளோ கண்ட்ரோல் என்பது 1997-இல் வந்த 802.3எக்ஸ் தரம். வாங்குகிற பக்கம் திணறினால் "கொஞ்சம் நில்" என்று ஒரு பாஸ் (ஆங்கிலத்தில் pause) ஃப்ரேம் அனுப்பும். பாஸ் சொன்னால் எதிரில் இருப்பவர் நின்றுதான் ஆக வேண்டும், ஆபீஸ் பாஸ் மாதிரியே காரணம் கேட்க முடியாது. எவ்வளவு நேரம் என்பதையும் அதிலேயே எழுதி அனுப்பும். அதிகபட்சம் 65,535 பங்கு, ஒரு பங்கு 512 பிட் போகிற நேரம். ஜிகாபிட்டில் பெருக்கினால் சுமார் 33.5 மில்லி செகண்ட். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் நொடிக்கு 30 முறை அனுப்பினால் வயர் முழுசாக நின்றுவிடும்.

கல்யாணப் பந்தியில் ஒருத்தர் இலைக்கு மேல் கையை நீட்டி "இருங்க" என்றால் சாம்பார் வாளிக்காரர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். ஃப்ளோ கண்ட்ரோல் போட்ட பந்தியில் வாளிக்காரர் அங்கேயே நிற்பார். அவருக்குப் பின்னால் கூட்டு நிற்கும், ரசம் நிற்கும், கடைசியில் அடுப்படியையே நிறுத்தச் சொல்லி ஆள் போகும். பாஸ் ஃப்ரேம் யாருக்கு என்று பார்ப்பதில்லை, அந்த வயரில் போகிற எல்லாரையும் நிறுத்துகிறது.

சுவிட்ச்சில் போர்ட் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, நாளை 7:05-க்கு ஒருமுறை, 7:10-க்கு ஒருமுறை, எந்த போர்ட்டில் உள்ளே வரும் பாஸ் எண்ணிக்கை ஏறுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.

19 ஜூலை, இரவு 9:50

போர்ட் 11. 7:05-க்கு 21,340. 7:10-க்கு 39,410. அஞ்சு நிமிஷத்தில் பதினெட்டாயிரம், நொடிக்கு அறுபது. மற்ற போர்ட் எல்லாம் பூஜ்யம்.

11-இல் இருப்பது ஜன்னலோர மூலை மெஷின். அதில் உட்காருகிறவர் 6:30-க்குக் கிளம்புகிறார், நாஸிலிருந்து பேக்கப் இழுக்க விட்டுவிட்டுப் போகிறார். அரை மணியில் மெஷின் தூங்கப் போகிறது. நெட்வொர்க் கார்டு மட்டும் யாராவது எழுப்புவார்களா என்று முழித்துக்கொண்டிருக்கிறது. வந்த ஃப்ரேமை எடுக்க உள்ளே ஆள் இல்லை, கார்டின் சின்ன நினைவகம் நிரம்புகிறது, "நில், நில்" என்று கத்த ஆரம்பிக்கிறது. 7:30-க்கு வாட்ச்மேன் வந்து அந்த வரிசை யுபிஎஸ்ஸை அணைக்கிறார். கத்தல் நிற்கிறது. "தானா சரியாகுது" என்பதில் தானாக நடந்தது எதுவுமில்லை, பூராவும் வாட்ச்மேன் அண்ணன் புண்ணியம்.

மூன்று மெஷின் மட்டும் ஏன் நின்றது? இங்கேதான் லேக்கும் ஃப்ளோ கண்ட்ரோலும் கைகோக்கின்றன. மூலை மெஷினுக்கு வர வேண்டியது சுவிட்ச்சுக்குள் தேங்குகிறது. அது எந்த வயர் வழியாக நாஸிலிருந்து வந்ததோ அந்த வயரில் சுவிட்ச் பாஸ் அனுப்புகிறது. பாஸ் வேலை செய்வது தனித்தனி வயர் மட்டத்தில், லேக் என்பது அதற்கு மேல்தட்டு. வயர் நின்றுவிட்டதே என்று ஹேஷ் யாரையும் அடுத்த வயருக்கு மாற்றாது. அதனால் அதே வயரில் விழுந்த மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் அடுத்த வயரில் ஜாலியாக இருந்தார்கள்.

எல்லா போர்ட்டிலும் ஃப்ளோ கண்ட்ரோலை அணையுங்கள். பகலில் வேண்டாம், மாற்றும்போது பல சுவிட்ச்களில் லிங்க் ஒரு நொடி விழுந்து எழும். லேக்கில் இருக்கும் ரெண்டு போர்ட்டிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

20 ஜூலை, அதிகாலை 4:45

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதைப் படித்தபோது ஒரு பழைய கணக்கு இடிக்கிறது.

சில வருஷம் முன்னால் ஒரு ஸ்கேன் சென்டர். படம் சேமிக்கும் சர்வருக்கு ரெண்டு வயர் எல்ஏசிபி. ராத்திரியில் ரெண்டு வியூயிங் ஸ்டேஷன் மட்டும் நின்றுவிடும். மூன்று இரவு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எல்ஏசிபியை ஸ்டாட்டிக் ஆக்கினேன், திருப்பினேன், பேட்ச் கார்டு மாற்றினேன். ஒரு வயரைப் பிடுங்கியதும் சரியானது. "லேக்தான் கோளாறு, சுவிட்ச் போய்விட்டது" என்று சொல்லி புது சுவிட்ச் வாங்கவைத்தேன். அதன் பிறகு பிரச்சினை இல்லை. என் கணக்கில் அது வெற்றி.

பழைய சுவிட்ச்சில் ஃப்ளோ கண்ட்ரோலை ஆன் பண்ணியது நான்தான், "இருந்தால் நல்லதுதானே" என்று. புது சுவிட்ச் அது ஆஃப் ஆகவே வந்தது, அவசரத்தில் நான் தொடவில்லை. நான் பிடுங்கியது பாஸ் வாங்கிக்கொண்டிருந்த வயராக இருந்திருக்கும், எல்லோரும் அடுத்த வயருக்குத் தாவியதால் சரியானது போல் தெரிந்தது. ரிசப்ஷனில் ராத்திரி தூங்கும் பிசி ஒன்றும் அங்கே இருந்தது. இப்போது நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த நல்ல சுவிட்ச்சை எனக்கே பாதி விலைக்குக் கொடுத்தார்கள், இப்போது என் வீட்டு அலமாரியில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக ஒருநாளும் பிரச்சினை கொடுத்ததில்லை.

22 ஜூலை, காலை 11:00

மேடத்துக்கு என் மேல் வருத்தம்: "ஃப்ளோ கண்ட்ரோலே கெட்டதுன்னு எழுதாதீங்க." நியாயம். அவர் பார்ப்பது ஒரு ஃப்ரேம்கூட விழக் கூடாத ஸ்டோரேஜ் நெட்வொர்க். அங்கே இருப்பது 802.1க்யூபிபி. வயரையே நிறுத்தாமல், எட்டு வகுப்பில் ஒரு வகுப்பை மட்டும் நிறுத்தும். சாம்பார் நிற்கும், மோர் போகும். சிவகாசி டிசைன் ரூமில் விழுந்த ஃப்ரேமை டிசிபி திரும்ப அனுப்பிக்கொள்ளும், அங்கே அது தேவையில்லை. என் வாக்கியத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: எதற்கு என்று சொல்லத் தெரியாமல் ஆன் பண்ணாதீர்கள்.

26 ஜூலை, இரவு 8:30

தம்பி சுவிட்ச் ஃபோட்டோ அனுப்பினார், லேபிள் ஒட்டியதைக் காட்ட. எனக்குக் கண்ணில் பட்டது வலது ஓரம். 10 ஜிகாபிட்டுக்கான ரெண்டு எஸ்எஃப்பி பிளஸ் ஓட்டை, ரப்பர் மூடிகூடக் கழற்றாமல். நாஸ் மாடலைக் கேட்டால் 10 ஜிகாபிட் கார்டு போட ஸ்லாட் இருக்கிறதாம்.

ரெண்டு வாரமாக ஹேஷ், ஒற்றை, இரட்டை என்று நான் எழுதித் தள்ளியதற்கு ஒரு கார்டும் ரெண்டு மீட்டர் டிஏசி கேபிளும் (அந்த ஓட்டையில் நேராகச் செருகும் காப்பர்) பதில். எந்த பிசிக்கு எந்த வயர் என்ற கேள்வியே இல்லை. ஒரு வயர் போனால் எல்லாம் போகும் என்பது மட்டும்தான் குறை. வேண்டுமானால் பழைய ரெண்டு ஜிகாபிட்டை மாற்றுவழியாக வைத்துக்கொள்ளலாம். 10-இலிருந்து 1-க்கு இறங்கும் இடத்தில் சுவிட்ச் கொஞ்சம் ஃப்ரேமைக் கீழே போடும். போடட்டும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஃப்ளோ கண்ட்ரோலை ஆன் பண்ணாதீர்கள். இந்த முறை ஒரே வயர்தான், ஒரு மெஷின் கத்தினால் ரூம் மொத்தமும் நிற்கும்.

4 ஆகஸ்ட், காலை 7:20

ஆல்பம் நேற்று ஆடிப்பெருக்குக்கு வெளியாகிவிட்டதாம். கார்டு வரவில்லை, கொரியரில் இருக்கிறது. அந்த ரெண்டு வயரிலேயே முடித்திருக்கிறார்கள்.

மூலை மெஷின் மேல் பசங்க ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறார்கள், பெரிய எழுத்தில் "பாஸ்". முதலாளி வந்து பார்த்துவிட்டு, தனக்குத்தான் சீட் போட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே உட்கார்ந்தாராம். தம்பி, தாளைக் கிழிப்பதற்கு முன் அதன் ஸ்லீப் செட்டிங்கை மாற்றுங்கள்.